நோட்ஸ் வாசிக்கத் தெரியாத பேண்டு மாஸ்டர்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேண்டு மாஸ்டர் வேலை கிடைத்ததற்குக் காரணம் 'வாசிப்பது' என்கிற ஒரு சொல்தான். நேர்முகத் தேர்வில் தாளாளர் என்னைப் பார்த்து, "நோட்ஸ் நல்லா வாசிப்பீங்களா?" என்று கேட்டார்.

"பிரமாதமா வாசிப்பேன் சார்" என்றேன்.

ஐந்து கோடு போட்டு எழுதியிருக்கும் மேற்கத்திய இசைக் குறிப்பைப் பார்த்துப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். எனக்குப் புரிந்தது வேறு. எங்கள் பழனிப் பக்கத்து பேண்டு செட்டில், கல்யாண ஊர்வலம் மண்டபத்து வாசலை நெருங்கும்போது துள்ளலாக ஒரு இங்கிலீஷ் மெட்டை எடுத்து விடுவோம். அதற்கு நோட்டு என்று பெயர். "மாப்பிள்ளை எறங்குறாரு, ஒரு நோட்டு வாசிங்கப்பா" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். அதில் நான் கெட்டிக்காரன். அதனால் அன்று நான் பொய் சொல்லவில்லை. அங்கேயே டிரம்பெட்டை எடுத்து ஒரு நோட்டு வாசித்தும் காட்டினேன். தாளாளர் மேசையில் தாளம் போட்டார். திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அதுவரை என் வாழ்க்கை முழுக்க பழனி அடிவாரத்தில்தான். எங்கள் குடும்பத்துக்கு அங்கே ஒரு கடை உண்டு. விபூதி, அர்ச்சனைத் தட்டு, பிளாஸ்டிக் வேல், சாமி படம் போட்ட சாவிக்கொத்து எல்லாம் விற்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்கார வேண்டும். எனக்கு அது ஆகாது. தாய்மாமா ஒரு பேண்டு செட் நடத்தினார். கடையில் உட்காருவதைவிட மாமா பின்னால் சுற்றுவது மேல் என்று எட்டாம் வகுப்பு லீவில் செட்டில் போய்ச் சேர்ந்துகொண்டேன். சிவப்புச் சட்டை, தோளில் தங்க நிறக் குஞ்சம், கையில் தாளத்துக்குக் குலுக்குகிற காய். அடுத்த வருஷமே டிரம்பெட் கைக்கு வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க என்று யாரும் உட்காரவில்லை. பாட்டை இரண்டு தடவை கேட்போம், மூன்றாம் தடவை வாசிப்போம். தைப்பூசக் காவடி, காதுகுத்து, கட்சி ஊர்வலம், நகைக்கடைத் திறப்பு என்று பன்னிரண்டு வருஷம் ஊதினேன். நடுவில் தபால் வழியில் பி.காம். முடித்தேன். அந்தப் பாடங்களையும் ஊர்வலத்துக்குப் போகிற வேனில் வைத்துத்தான் படித்தேன்.

என் மனைவி கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் உள்ள மேல்மலைக்காரி. அவள் அப்பாவுக்குப் பூண்டும் கேரட்டும் விவசாயம். பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்கு என்ன சோலிங்க?" என்று கேட்டார்.

"டிரம்பெட் ஊதுறாருங்க" என்றார் என் மாமா.

"அது சரிங்க. சோலி என்ன?" என்று மறுபடி கேட்டார்.

அவருக்குச் சரியான பதில் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. மகள் பிறந்த பிறகு என் மனைவி, "முகூர்த்தம் முகூர்த்தமா ஊர் ஊரா அலையுறது போதும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தவள். அந்தக் கடைக்காரர்தான், ஒரு ஸ்கூலில் பேண்டு மாஸ்டருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று போன் செய்தார். வேலை கிடைத்ததும் செண்பகனூரில் வீடு பிடித்தோம். அவள் பழைய கடைக்கே திரும்பப் போனாள்.

பேண்டு அறை பள்ளிச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது. சாம்பார் கொதிக்கும்போது ஒரு பக்கச் சுவர் கதகதப்பாக இருக்கும். பிள்ளைகள் அந்தச் சுவரில் டிரம்பெட்டைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார்கள். இந்த ஊர்க் குளிரில் பித்தளை வாத்தியம் இறங்கிப் பேசும், சுருதி சேராது. வாயில் வைக்கிற பகுதியைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் போட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பழனி வெயிலில் ஊதிய எனக்கு இதைச் சொல்லித் தந்ததே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான்.

பேண்டில் இருபத்தாறு பேர். பாதிப் பேர் மேல்மலை விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள், மீதிப் பேர் டவுன் பிள்ளைகள். நான் ஒரு வரி ஊதுவேன், அவர்கள் திருப்பி ஊதுவார்கள். அவ்வளவுதான் என் பாடத்திட்டம். ஆனால் வேலை நடந்தது. குடியரசு தினத்துக்குள் நான்கு மார்ச் பாட்டு தயாராகிவிட்டது. கொடியேற்றம் முடிந்து நாங்கள் டவுன் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, மற்ற பள்ளி வாத்தியார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அலமாரியில் ஒரு கட்டு இசைப் புத்தகங்கள் கிடந்தன, முந்தைய மாஸ்டர் விட்டுவிட்டுப் போனவை. முதல் வாரமே ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் நீந்தின. மூடி வைத்துவிட்டேன். தாளாளர் நேர்முகத்தில் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகள் யாராவது, "சார், இது எப்படி சார் படிக்கிறது?" என்று கேட்டால், "அது அடுத்த டெர்ம்ல" என்பேன். அப்படியே மூன்று டெர்ம் ஓட்டிவிட்டேன்.

ஒரு நாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். வேதியியல் நடத்தியவர், எதையும் அளந்துதான் பேசுவார்.

"மாஸ்டர், வெளிநாட்டு போர்டு நடத்துற மியூசிக் எக்ஸாம் நம்ம ஊர்லயே வைக்கிறாங்களாம். முதல் கிரேடுக்கு எட்டுப் பிள்ளைங்க பேர் குடுத்துருக்காங்க. ஆறு மாசம் டைம் இருக்கு. அதுல சைட் ரீடிங்னு ஒரு பகுதி வருதாம்."

"அப்படின்னா மேடம்?"

"முன்னப்பின்ன பாத்திராத நோட்ஸ கையில குடுத்து, அந்த எடத்துலயே வாசிக்கச் சொல்வாங்களாம். உங்களுக்குத் தெரியாததா?"

"ஆமாங்க மேடம்" என்றேன். அந்த 'ஆமாம்' எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்முகத்தில் நடந்ததை அவளிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. முதலில் சிரித்தாள். பிள்ளை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டு, "எங்க கடை போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டிருக்கு. கீபோர்டு, தியரி கிளாஸ்னு. அட்டுவம்பட்டியில ஒரு டீச்சர். போய்க் கத்துக்கிட்டா என்ன?" என்றாள்.

"நானே மாஸ்டர். நான் போய்க் கத்துக்கிறதா?"

"பின்ன, நான் போய்க் கத்துக்கிட்டு வந்து ஒங்க ஸ்கூல்ல நடத்தவா?"

அடுத்த ஞாயிறு அட்டுவம்பட்டிக்குப் போனேன். டீச்சர் என்றதும் மூக்குக் கண்ணாடி போட்ட வயதான அம்மாவாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்தது என்னைவிட ஓரிரு வயது இளைய பெண். கம்பளித் தொப்பி, கையில் பென்சில். எனக்குச் சட்டென்று கூச்சம் வந்துவிட்டது.

"கிளாஸ் விஷயமா வந்தேங்க. எங்க பாப்பாவுக்கு" என்றேன்.

"பாப்பாவ கூட்டிட்டு வரலைங்களா? என்ன வயசு?"

"ஒன்றரை."

அவர் பென்சிலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். "நீங்க அந்த ஸ்கூல் பேண்டு மாஸ்டர்தானுங்களே? ரிபப்ளிக் டேக்குப் பாத்தேனே. அருமையா இருந்துச்சுங்க" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "கிளாஸ் ஒங்களுக்கா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

"சொல்லித் தாறேங்க. தனி கிளாஸுக்கு எனக்கு நேரம் இல்ல. சனிக்கிழமை வெள்ளனே ஏழு மணிக்கு ஒரு பேட்ச் இருக்கு. மூணு பிள்ளைங்க, ரெண்டாங்கிளாஸ். அவங்களோட உக்காரணும். சுணங்காம வரணும். விளங்குதுங்களா?"

அந்த 'சுணங்காம'வையும் 'விளங்குதா'வையும் கேட்டபோதே அவர் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று கொஞ்சம் ஊகித்தேன். பிறகு அவரே சொன்னார். அவருடைய அப்பா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். டீச்சர் பிறந்ததும் வளர்ந்ததும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அங்கே ஒரு சின்ன மாதா கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதை வாசித்த சிஸ்டர் மாற்றலாகிப் போனபோது பாட்டுப் புத்தகத்தையும், நோட்ஸ் படிப்பது எப்படி என்று ஒரு மெல்லிய புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனார். பத்து வயதுப் பெண் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தானாகவே உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

"அந்தப் பாட்டெல்லாம் எப்படி இருக்கும்னு சொல்ல யாரும் இல்லைங்க. எழுத்தப் பாத்து வெரல வைப்பேன். அதுக்கப்புறம்தான் அது என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

கேட்டு நான் அசந்துபோனேன். எனக்கு நேர் எதிர். நர்சிங் ஒரு வருஷம் படித்து விட்டுவிட்டு, ஸ்வெட்டர் கடை, ஹோட்டல் ரிசப்ஷன் என்று சுற்றியிருக்கிறார். அந்த ஹோட்டலில் மூடி வைத்திருந்த ஒரு கீபோர்டைத் திறந்தது அவர்தான். கிறிஸ்துமஸ் விருந்துகளில் வாசித்தார். பிறகு ஒவ்வொரு கிரேடாகப் பரீட்சை எழுதி, எட்டாவது வரை முடித்து, வகுப்பு எடுக்க வந்துவிட்டார். வாரத்தில் நான்கு நாள், கீபோர்டைத் துணி உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, வீடு வீடாகப் போவார்.

சனிக்கிழமை வகுப்பில் என்னோடு இருந்த மூன்று பேருக்கும் ஏழு வயது. பெஞ்சு சின்னது, முழங்கால் நெஞ்சில் இடித்தது. முதல் நாள் ஒரு சின்னப் பெண் என்னிடம், "அங்கிள், நீங்க ஃபெயிலாகி ஃபெயிலாகி இங்கயே இருக்கீங்களா?" என்று கவலையோடு கேட்டாள்.

எழுத்துகளைத் தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. என் காதுதான் எதிரியாகிவிட்டது. டீச்சர் ஒரு வரியை வாசித்துக் காட்டினால் போதும், அதற்கப்புறம் நான் தாளைப் பார்க்கவே மாட்டேன், அப்படியே டிரம்பெட்டில் திருப்பி வாசித்துவிடுவேன். இரண்டு வாரம் அவர் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்தார். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிறந்தநாள் மெட்டை எழுதிக்கொண்டு வந்து, "இத வாசிங்க பாப்பம்" என்றார். முதல் நான்கு எழுத்தைப் பார்த்ததும் பாட்டு பிடிபட்டது. தைரியமாக முழுக்க வாசித்து முடித்தேன். மூன்று பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வரியில் வேண்டுமென்றே நாலு சுரத்தை மாற்றி எழுதி வைத்திருந்தார்.

"காதால வாசிக்கிறீங்க. கண்ணால வாசிங்க" என்றார் டீச்சர்.

அதிலிருந்து எனக்கு எதையும் வாசித்துக் காட்ட மாட்டார். தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

வீட்டில் பயிற்சிக்கு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறைத் தரையில் கோலமாவில் ஐந்து கோடு இழுத்தாள். மாமனார் அனுப்பிய பூண்டிலிருந்து ஒரு பல்லை எடுத்து ஏதாவது ஒரு கோட்டிலோ, இரண்டு கோட்டுக்கு நடுவிலோ வைப்பாள். நான் அந்தச் சுரத்துக்கான இங்கிலீஷ் எழுத்தைச் சொல்ல வேண்டும், அவள் என் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பாள். சரியாகச் சொன்னால் அந்தப் பல்லை அவள் உரிப்பாள். தவறினால் நான் உரிக்க வேண்டும்.

"ஏங்க, இது கோட்டு மேலயா, ரெண்டு கோட்டுக்கு நடுவுலயா?"

"நடுவுல."

"அப்ப என்ன?"

"ஏ."

"எஃப்புங்க. உரிங்க."

ஒரு மாதத்தில் அவள் என்னைவிட வேகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எதற்கும் உரித்த பூண்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை என் எட்டுப் பிள்ளைகளுக்கு நடத்துவேன். அவர்களைவிட இரண்டு பக்கம்தான் முன்னால் இருந்தேன். ஆனால் அது நன்றாகவே நடந்தது. எங்கே தடுமாறுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் இரண்டு நாளைக்கு முன்னால்தான் அங்கே நானே விழுந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடுவில் கதவு தட்டும் சத்தம். டீச்சர் திறந்தார். வாசலில் என் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிற ஏழாம் வகுப்புப் பெண், அவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு நின்றாள். புதிதாகச் சேர்க்க வந்திருக்கிறாள். உள்ளே மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நான், தாளக் கணக்குக்குக் கையைத் தட்டிக்கொண்டு "டா, டா, டி-டி, டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கண்கள் சந்தித்தன. அவள் "குட்மார்னிங் சார்" என்றாள். நான் "குட்மார்னிங்" என்றேன்.

திங்கட்கிழமை பேண்டு அறைக்குள் நுழைந்தேன். எட்டுப் பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"சார், நீங்களும் எங்களோட எக்ஸாம் எழுதுறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"நீங்களும் அதே புக்குதானே சார் படிக்கிறீங்க. எல்லாரும் ஒண்ணாப் போலாம்."

கேலி செய்கிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கூப்பிட்டார்கள். "மேடத்துகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அன்று மார்ச் பாட்டை மட்டும் வாசிக்கவைத்து அனுப்பினேன்.

பேர்ப் பட்டியல் பள்ளிக்கூடம் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. மதிய இடைவேளையில் டிரம்பெட்டும் கையுமாகப் போய் நின்று, கல்யாண மண்டபத்து நோட்டிலிருந்து அட்டுவம்பட்டி பெஞ்சு வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளா எப்படி நடத்துனீங்க?"

"காதாலதாங்க மேடம்."

"எது பாடுனாலும் வாசிச்சுருவீங்களா?"

"ஒரு தடவை கேட்டாப் போதும்."

கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை, அவருடைய கல்லூரிக் காலத்து விடுதிப் பாட்டாம், மெல்லிய குரலில் இரண்டு அடி பாடினார். நான் டிரம்பெட்டை எடுத்து வாசித்தேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை கூடவே பாடினார். கதவுக்கு வெளியே குமாஸ்தா வந்து நின்றது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"தாளாளர்ட்ட நான் பேசுறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தாளாளர் முதலில் கோபப்பட்டிருக்கிறார், அப்புறம் 'வாசிப்பது' கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். "எழுதட்டும். பாஸ் பண்ணிட்டு வந்து என்னையப் பாக்கட்டும்" என்றாராம். பட்டியலில் ஒன்பதாவதாக என் பெயர் ஏறியது.

செய்தி எப்படியோ பழனிக்கும் போய்விட்டது. பேண்டு செட்டில் என்னோடு டிரம் அடித்த கூட்டாளி போன் செய்தான். "ஏலே, நீ ஒண்ணாங்கிளாஸ் பரீட்சை எழுதுறியாமே. பென்சில் ரப்பர் வாங்கி அனுப்பவாடா?" என்றான். பின்னால் மொத்த செட்டும் சிரிக்கிற சத்தம் கேட்டது. வைக்கும்போது மட்டும், "நல்லாப் பண்ணு. மாமா ஒனக்காகத் தேங்கா ஒடச்சுருக்காரு" என்றான்.

பரீட்சைக்கு முன் மாதத்தில், டீச்சருக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டானது. ஹோட்டலில் ஒரு விருந்தினர் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டபோது, தாள் இல்லாததால் ஒரு சுரம்கூட வாசிக்க முடியாமல் எழுந்து போனதை ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். அதிலிருந்து வகுப்பு முடிந்ததும் கால்மணி நேரம் நான் வாத்தியார், அவர் மாணவி. புத்தகத்தை எடுத்து மறைத்து வைத்துவிடுவேன். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் வகுப்பின் சிறந்த பகுதி. முதல் பாடம், ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன். வளைவில் அது ஊதுகிற ஐந்து சுரத்தைக் கீபோர்டில் தேடிப் பிடிக்க வேண்டும். டீச்சர் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார், பயத்தில் காது மடல் சிவந்துவிட்டது. ஏழு பஸ் போய்விட்டது. எட்டாவது பஸ் ஊதியதும் ஐந்தும் வரிசையாகக் கிடைத்துவிட்டன. டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று முழுக்க அதையே வாசித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை நாள். இடம், டவுனில் ஒரு பழைய கட்டடத்து ஹால். நல்ல பனி. வெளியே பெஞ்சில் நாங்கள் ஒன்பது பேரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு வாத்தியத்தின் வாய்ப்பகுதியைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பட்டியல் வைத்திருந்த ஒரு இளைஞர் வந்து என்னிடம், "பேரன்ட்ஸ் எல்லாம் கீழ வெயிட் பண்ணணும் சார்" என்றார்.

"நான் கேண்டிடேட்டுங்க."

அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிள்ளைகள் கோரஸாக, "அவர் எங்க சார்!" என்றார்கள். இன்னும் குழம்பிப்போய் உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். வெளியே வந்ததும் எனக்கு யோசனை சொன்னார்கள். "சார், உக்காருங்கன்னு சொல்லாம உக்காராதீங்க." "சார், சிரிச்சுக்கிட்டே போங்க, மிஸ் நல்ல மிஸ்." ஏழாம் வகுப்புப் பெண் மட்டும் காதோரம் வந்து, "பயமா இருந்தா கட்டை விரல அமுக்கிக்கோங்க சார்" என்றாள்.

தேர்வாளர் வடக்கேயிருந்து வந்த ஒரு பெண்மணி. சால்வையைத் தலைவரை போர்த்தியிருந்தார். பாடங்கள் மூன்றையும் வாசித்தேன், அதில் பயம் இல்லை. பிறகு அவர் பியானோவில் ஒரு சின்ன வரி வாசித்து, அதைத் திருப்பிப் பாடச் சொன்னார். பாடினேன். இன்னொன்று கொஞ்சம் நீளமாக. பாடினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பரீட்சையில் இருக்கவே முடியாத அளவு நீளமாக ஒன்று வாசித்தார். அதையும் பாடினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இங்கிலீஷில், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

"மேரேஜ் மேடம்" என்றேன். போதாதோ என்று, "மெனி மெனி மேரேஜஸ்" என்றும் சேர்த்தேன்.

அவர் கண்கள் விரிந்தன. ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, "பேண்டு மேடம், மேரேஜ் பேண்டு!" என்று டிரம்பெட்டை உயர்த்திக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் சால்வை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை வைத்தார். நான்கே நான்கு தாளக் கட்டம். அரை நிமிஷம் பார்க்கலாம். பார்க்கும்போதே என் காது அது எப்படி முடியும் என்று முடிவு செய்துவிட்டது. மேலே ஏறி முடிய வேண்டும், அதுதான் அழகு. ஆனால் தாளில் கடைசிச் சுரங்கள் கீழே இறங்கின. கட்டை விரலை அமுக்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து வாசித்தேன். மெதுவாக, ஒரு இடத்தில் தடுக்கி, ஆனால் கீழே இறங்கியே முடித்தேன். வெளியே வந்தபோது அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது. எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். "எறங்கிருச்சு" என்றேன். என்ன இறங்கியது என்று யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் குதித்தார்கள்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஒன்பது பேரும் பாஸ். ஏழாம் வகுப்புப் பெண் முதலிடம். நான் நான்காவது. கேட்டுப் பாடுகிற பகுதியில் எனக்கு முழு மதிப்பெண், சைட் ரீடிங்கில் எட்டுப் பேருக்கும் கீழே. என் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்த அந்தப் பெண், "பிராக்டிஸ் பத்தாது சார். அடுத்த கிரேடுல பாத்துக்கலாம்" என்று முதுகில் தட்டாத குறையாகச் சொன்னாள்.

காலை வழிபாட்டில் தாளாளர் கையால் சான்றிதழ் கொடுத்தார்கள். உயரப்படி வரிசையில் கடைசியாக நான் நின்றேன். என் முறை வந்ததும் தாளாளர் மைக்கை ஒதுக்கிவிட்டு, "இப்ப நிஜமாவே நோட்ஸ் வாசிப்பீங்கள்ல?" என்று கேட்டார். "மெதுவா வாசிப்பேன் சார்" என்றேன். மாமனார் சான்றிதழைப் போட்டோ எடுத்துத் தன் ஊரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். மேல்மலையில் இன்றும் சில பேர் நான் ஏதோ அரசாங்கப் பரீட்சை பாஸ் செய்தவன் என்றுதான் நம்புகிறார்கள்.

இப்போது நான் நான்காம் கிரேடு. டீச்சரைத் தலைமை ஆசிரியையே நேரில் போய் அழைத்து வந்தார். வாரம் இரண்டு நாள் எங்கள் பள்ளியில் கீபோர்டு எடுக்கிறார். போன டிசம்பரில் ஆண்டு விழாவில் ஒரு பாட்டின் நடுவே தாள் காற்றில் பறந்தபோது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தை வாசித்து முடித்தார். இரண்டு இடத்தில் தப்பு. அதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் தனி வகுப்புக்கு ஆட்கள் வருகிறார்கள். அதில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார். ஐம்பது வயது. சித்திரையில் மகள் கல்யாணம். மகள் மண்டபத்துக்குள் நுழையும்போது தான்தான் டிரம்பெட் வாசிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சவாரிக்கு ஆள் வரும்வரை வியூ பாயிண்டில் ஜீப்புக்குள் உட்கார்ந்து பழகுகிறார். மற்ற டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்களாம், டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கிறார்களாம். நேற்று மதியம் அங்கிருந்தே போன் செய்தார்.

"மாஸ்டர், மேல் சுரம் வரமாட்டேங்குது. நாயி ஊளையிடுற மாதிரிக் கெடக்கு."

"ஒதட்ட இறுக்காதீங்கண்ணே. வயித்துலருந்து மெதுவா விடுங்க."

போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஊதினார். இரண்டு தடவை வெறும் காற்று. மூன்றாவது தடவை சுரம் வந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் முழுசாக வந்தது. அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் மறுபடி போனுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"மாஸ்டர், கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே. இன்னொரு தடவை."